31 சென்டிமீட்டர் சிங்கப்பூர்

சிராங்கூன் சாலையில் 46 மீட்டர் தூரத்தை நடந்து கடக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் அதற்குள் ஏழெட்டுக் கடைவீடுகள் வந்துபோகும். ஐந்தடிப் பாதையில் பூத்தொடுப்பவர், வாசலில் வாழைத்தார், எதிரே நகைக்கடை வெளிச்சம். அந்த 46 மீட்டரை நூற்றைம்பதில் ஒரு பங்காகச் சுருக்கினால் ஏறத்தாழ 308 மில்லிமீட்டர் வருகிறது. மடியில் வைத்துக்கொண்டு எம்ஆர்டியில் எடுத்துப் போகக்கூடிய அளவு.

மாதிரி ரயில் அமைப்பவர்கள் இந்த 308 மி.மீ. நீளப் பெட்டியை ‘மாட்யூல்’ என்கிறார்கள். ஒட்டுப்பலகையில் செய்த தாழ்வான பெட்டி அது. மேலே இரண்டு தடங்கள், அவற்றுக்குப் பின்னால் ஒரு காட்சி. ஒருவர் கோயில் கட்டியிருப்பார், அடுத்தவர் வீவக அடுக்குமாடி, மூன்றாமவர் வெறும் காடு. கண்காட்சி நாளன்று எல்லோரும் தத்தம் பெட்டியோடு வந்து மேசை மேல் வரிசையாகக் கோத்தால், ஒரு மணி நேரத்தில் ஓர் ஊர் எழுந்து அதன் குறுக்கே ரயில் ஓடும்.

முன்பின் சேர்ந்து வேலை செய்யாத ஐம்பது பேரின் பெட்டிகள் இப்படிப் பொருந்துவதற்குக் காரணம், எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரு தர அளவு. 1970களில் கலிஃபோர்னியாவில் உருவான ‘என்-டிராக்’ இந்த வகையில் முன்னோடி. ஆனால் அதன் மாட்யூல் 4 அடி நீளம், 2 அடி அகலம்; தாங்குவதற்குக் கால்கள் வேறு. கார் நிறுத்துமிடமும் கிடங்கும் உள்ள வீடுகளுக்கு அது சரி. 2000-ஆம் ஆண்டை ஒட்டி ஜப்பானில் தோன்றிய ‘டி-டிராக்’ சிறிய அடுக்குமாடி வீடுகளை மனத்தில் வைத்து வந்தது. கால்கள் கிடையாது, சாப்பாட்டு மேசை போதும். சிங்கப்பூர் வீடுகளுக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் இருக்க முடியாது.

இதில் உள்ள சூட்சுமத்தை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். பெட்டியின் நீளம் 308 மி.மீ.; அதன் மேல் கிடக்கும் தண்டவாளம் 310 மி.மீ. மாதிரி ரயில் தயாரிக்கும் கேட்டோ நிறுவனத்தின் 248 மி.மீ. துண்டும் 62 மி.மீ. துண்டும் சேர்ந்தால் அந்த 310. ஆக, இரு முனையிலும் தண்டவாளம் ஒரு மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு மாட்யூல்களைச் சேர்க்கும்போது பலகையும் பலகையும் முட்டாது. தண்டவாளமும் தண்டவாளமும் மட்டுமே சந்திக்கும். ‘கிளிக்’ என்று பூட்டிக்கொள்ளும் சிறு இணைப்பான்களே பெட்டிகளையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கின்றன. தனியாகப் பற்றுக்குறடு வேண்டியதில்லை. சிங்கப்பூரின் ஈரக்காற்றில் மரம் சற்று ஊதினாலும் இணைப்பு கெடுவதில்லை, பலகைகளுக்கு நடுவே உள்ள அந்தச் சிறு இடைவெளி அதை வாங்கிக்கொள்கிறது. இவ்வளவு சிறிய ஏற்பாட்டில் இவ்வளவு அறிவு ஒளிந்திருப்பது வியக்க வைக்கிறது.

உயரத்துக்கும் கணக்கு உண்டு. மேசையிலிருந்து 70 மி.மீ. என்பது அடிப்படை. நான்கு மூலையிலும் அடியில் திருகாணி இருக்கும். மேசை கோணலாக இருந்தால் அதைத் திருகி மட்டம் பார்ப்பார்கள். இரு தடங்களுக்கும் நடுவே 33 மி.மீ. திருப்பத்துக்கு 365 மி.மீ. சதுரமான மூலை மாட்யூல். உள்வளைவின் ஆரம் 282, வெளிவளைவின் ஆரம் 315; வித்தியாசம் அதே 33. நான்கு மூலைகளும் இரண்டு நேர்ப்பெட்டிகளும் இருந்தால் சிறிய சுற்றுப்பாதை தயார்.

மின்சாரம் தண்டவாளத்தின் வழியாகவே வருகிறது. ஒரு தண்டவாளம் நேர், மற்றது எதிர். சக்கரங்கள் வழியாக 12 வோல்ட் நேர்மின்னோட்டம் இயந்திரத்தின் மோட்டாருக்குப் போகிறது. ஆகவே எல்லாருடைய பெட்டியிலும் எந்தத் தண்டவாளம் எந்த நிறக் கம்பிக்கு உரியது என்பது மாறக் கூடாது. டி-டிராக்கில் முன்னிருந்து பின்னாக நீலம், வெள்ளை, வெள்ளை, நீலம். ஒருவர் மாற்றிக் கோத்துவிட்டால் போதும், அந்தத் தடம் முழுவதும் குறுக்குச்சுற்று ஏற்பட்டு ரயில்கள் நின்றுவிடும். வரிசை நீளும்போது மின்னழுத்தம் குறைந்து தொலைவில் ரயில் தள்ளாடும். அதற்காகச் சில மாட்யூல்களுக்கு ஒருமுறை தனியாக மின்னிணைப்பு கொடுப்பார்கள்.

பெட்டியின் மேல் எதைக் கட்டுவது? ஜப்பானியக் கிராமமோ ஐரோப்பிய மலையோ கட்டுவது எளிது, அவற்றுக்கான பாகங்கள் பெட்டி பெட்டியாகக் கடையில் கிடைக்கின்றன. சிங்கப்பூரைக் கட்ட வேண்டுமென்றால் பெரும்பாலும் அட்டையையும் நெகிழித் தகட்டையும் வெட்டிக் கையால்தான் செய்ய வேண்டும். அந்தச் சிரமம் தகும். காரணம், இந்த ஊரின் ரயில் வரலாற்றில் ஒரு பெரும் பகுதி இன்று தரையில் இல்லை.

1903-இல் டேங்க் ரோட்டிலிருந்து ரயில் ஓடத் தொடங்கியது. தைப்பூசக் காவடிகள் சென்று சேரும் தெண்டாயுதபாணி ஆலயம் உள்ள அதே சாலைதான். 1923-இல் ஜோகூர் பாலத்தில் தடம் இணைந்தது. 1932-இல் புதிய பாதையும் தஞ்சோங் பகார் நிலையமும் வந்தன. நிலையத்தின் முகப்பில் விவசாயம், வணிகம், போக்குவரத்து, தொழில் என்று நான்கு வெண்சிலைகள். 2011 ஜூன் 30 இரவு ஜோகூர் சுல்தான் கடைசி ரயிலை ஓட்டிச் சென்றார். அதன்பின் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. 24 கிலோமீட்டர் பாதை இன்று மக்கள் நடக்கும் பசுமை வழி.

அந்தப் பாதை முழுவதையும் அளவு பிசகாமல் அமைத்தால் 160 மீட்டர் வரும். ஐந்நூறுக்கும் மேற்பட்ட மாட்யூல்கள் வேண்டும். எந்தக் குழுவும் அதற்குத் துணியாது. ஆனால் புக்கிட் தீமா நிலையம் ஒருவருக்கு, இரும்புப் பாலம் இன்னொருவருக்கு என்று பிரித்துக்கொண்டால் கைக்கு அடங்கும். புக்கிட் தீமாவில் ஒற்றைத் தடம் சற்று தூரம் இரண்டாகப் பிரிந்து சேரும். நிலைய ஊழியர் வளையத்தில் கோத்த டோக்கனை ஓட்டுநரிடம் நீட்டுவார். டோக்கன் கையில் இருக்கும் ரயிலுக்கு மட்டுமே அடுத்த பகுதிக்குள் போக அனுமதி. கடைசி நாள் வரை அந்த முறை நீடித்தது. 11 மி.மீ. உயர மனிதர் ஒருவர் கையை நீட்டி நிற்பதாக அமைத்தாலே அந்தக் காலம் முழுவதும் கண்முன் வந்துவிடும்.

தமிழர்கள் கட்ட வேண்டிய மாட்யூல் ஒன்று உண்டு. காமன்வெல்த் டிரைவில் இன்று கம்பீரமாக நிற்கும் ஸ்ரீ முனீஸ்வரன் ஆலயம், 1930களில் இந்திய ரயில்வே தொழிலாளர்கள் குயின்ஸ்வே பக்கம் தண்டவாள ஓரத்தில் எழுப்பிய சிறு குடிலில் தொடங்கியது. ஓர் அத்தாப்புக் கூரை, ஒரு சூலம், முன்னால் தடம். எங்கும் விற்பனைக்குக் கிடைக்காத காட்சி இது. யாராவது கட்டினால்தான் உண்டு.

ஒரு சமரசத்தையும் சொல்லியாக வேண்டும். இந்த அளவில் தண்டவாள அகலம் 9 மி.மீ. எம்ஆர்டியின் 1,435 மி.மீ. அகலத்தை 150-ஆல் வகுத்தால் ஏறக்குறைய அதுவே வரும். அந்தப் பழைய தடத்தில் மலாயா ரயில்வே ஓடியதோ மீட்டர் பாதையில். 150-இல் ஒரு பங்கு என்றால் 6.7 மி.மீ.தான் இருக்க வேண்டும். ஜப்பானியர்களும் தங்கள் 1,067 மி.மீ. பாதைக்கு இதே 9 மி.மீ. தடத்தையே பயன்படுத்திக்கொள்கிறார்கள். கண் அதை ஏற்றுக்கொள்கிறது.

லிட்டில் இந்தியா வேறொரு சிக்கலைத் தருகிறது. 2003-இல் திறந்த வடகிழக்கு ரயில்பாதை முழுவதும் நிலத்தடியில் ஓடுகிறது. தேக்காவில் மேலே ரயிலே கிடையாது. தடத்துக்கு மேலே 50 மி.மீ. உயரத்தில் சாலையைத் தூக்கி, முன்பக்கத்தைத் திறந்து விட்டால் கீழே ரயிலும் மேலே தெருவும் ஒருசேரத் தெரியும். ரயிலின் உயரம் 25 மி.மீ. அளவில்தான் இருக்கும் என்பதால் இடம் தாராளம். உண்மையான ஆழத்தைக் காட்ட முடியாதுதான். மேலே இரண்டடுக்குக் கடைவீடு 6 செ.மீ. உயரம் வரும். கெர்பாவ் ரோட்டில் 1900-இல் கட்டப்பட்ட, கதவும் சன்னலும் பல நிறங்களில் மின்னும் டான் தெங் நியா இல்லத்தை அங்கே வைத்தால் குழந்தைகள் நகரமாட்டார்கள்.

கண்காட்சி நாளில் அழகைவிடத் துப்புரவுக்கே வேலை அதிகம். தண்டவாளத்தில் படியும் கறுப்பு அழுக்கு மின்னோட்டத்தைத் தடுக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் அவ்வப்போது துடைத்துக்கொண்டே இருப்பார்கள். வேகத்திலும் கட்டுப்பாடு வேண்டும். மணிக்கு 80 கிலோமீட்டர் செல்லும் எம்ஆர்டி, இந்த அளவில் நொடிக்கு 15 சென்டிமீட்டர்தான் நகர வேண்டும்; ஒரு மாட்யூலைக் கடக்க இரண்டு நொடி. பார்வையாளர் கேட்கிறார்களே என்று விசையைத் திருகினால் மூலையில் கவிழும். ஆறு பெட்டி எம்ஆர்டி ரயில் 92 செ.மீ. வரும், அதாவது மூன்று மாட்யூல் நீளம். அதனால் ரயில் எந்நேரமும் மூன்று பேரின் வேலைப்பாட்டில் ஒருசேர நிற்கிறது. குழுவில் ஒருவர் சரியாக மட்டம் பார்க்கவில்லை என்றால் மூவரின் காட்சியும் நின்றுபோகும்.

புதிதாகச் சேர்பவருக்கு அனுபவசாலிகள் முதலில் நேரான ஒற்றை மாட்யூலையே கொடுப்பார்கள். 248 மி.மீ. துண்டு இரண்டு, 62 மி.மீ. துண்டு இரண்டு, ஒட்டுப்பலகை, நான்கு திருகாணி, கொஞ்சம் கம்பி. தடத்தைப் பதித்ததும் குழுவின் வேறு இரண்டு பெட்டிகளுக்கு நடுவே அதைக் கோத்து, இரு திசையிலும் ரயிலை ஓட்டிப் பார்ப்பார்கள். எங்கும் தடுக்காமல், விளக்கு சிமிட்டாமல் ரயில் கடந்துபோனால் பசைக்கும் வண்ணத்துக்கும் அனுமதி.