யார் எந்தக் கட்டத்தில்?

சென்னையிலிருந்து ஒரு பையன் மாணவர் விசாவில் அமெரிக்கப் பல்கலைக்கழகம் போகிறான். நியூஜெர்சியிலேயே பிறந்து வளர்ந்த அவனுடைய அத்தை மகளும் அதே வகுப்பில் சேர்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரசுக்குப் போகும் வருடாந்திரக் கணக்கில் அவள் ‘ஆசியர்’. அவனோ ‘வெளிநாட்டவர்’; இனக் கட்டம் எதிலும் வரமாட்டான். இது யாரோ செய்த தவறு இல்லை. விதியே அப்படித்தான்.

அந்த விதியை அமெரிக்கக் கல்வித்துறை 2007-ல் வகுத்தது. படிவத்தில் இரண்டு கேள்விகள். நீங்கள் ஹிஸ்பானிக்கா (ஸ்பானிய அல்லது லத்தீன் அமெரிக்க வம்சாவளியா)? அடுத்து, ஐந்து இனங்களில் உங்களுக்குப் பொருந்துபவை எவை? எத்தனையை வேண்டுமானாலும் குறிக்கலாம். சிக்கல் அதற்குப் பிறகுதான். முதல் கேள்விக்கு ‘ஆம்’ என்றால், இரண்டாவது பதில் அறிக்கையில் மறைந்துவிடும். தாய் டொமினிகன் குடியரசைச் சேர்ந்தவர், தகப்பன் கறுப்பர் என்றால், மகள் இரண்டையும் குறித்தாலும் ஹிஸ்பானிக் கணக்கில் மட்டுமே சேர்வாள். ஹிஸ்பானிக் அல்லாத ஒருவர் கறுப்பர், வெள்ளையர் இரண்டையும் குறித்தால் ‘ஒன்றுக்கு மேற்பட்ட இனம்’ என்ற கட்டத்துக்குப் போவார். எந்த இனங்கள் என்பது அங்கே தெரியாது. ஆகவே ஒரு கல்லூரியில் கறுப்பின மாணவர்கள் இத்தனை பேர் என்று படித்தால், யாரை விட்டுவிட்டு எண்ணினார்கள் என்று முதலில் கேளுங்கள். கல்லூரியும் மாணவர் தந்த முழுப் பதிலை அப்படியே பத்திரப்படுத்த வேண்டும். சுருக்கிய கட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டால் பிறகு எதையும் மீட்க முடியாது.

‘ஆசியர்’ என்ற ஒற்றைச் சொல்லும் நிறைய மறைக்கிறது. லாவோஸிலிருந்து அகதியாக வந்த மோங் குடும்பத்துப் பிள்ளையும் இந்தியப் பொறியாளரின் பிள்ளையும் அதில் ஒன்றுதான். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகமான யூசிஎல்ஏவின் மாணவர்கள் 2007-ல் இதை எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள்; பல்கலைக்கழகம் தன் விண்ணப்பத்தில் ஆசியப் பிரிவுகளை இன்னும் விரிவாகக் கேட்கத் தொடங்கியது. நியாயமான போராட்டம்.

பதிலே எழுதாதவர்களை என்ன செய்வது? பள்ளிகளில் பெற்றோர் சொல்லாவிட்டால் ஊழியர்கள் பார்த்துக் குறிக்க வேண்டும். கல்லூரியில் ‘தெரியாது’ என்றே பதியலாம். அதுதான் சரி. பெயரையோ முகத்தையோ பார்த்து நிரப்பும் கட்டம், காலிக் கட்டத்தைவிட மோசமானது. எதற்காகக் கேட்கிறோம், யார் பார்ப்பார்கள் என்று படிவத்திலேயே எழுதிவிட்டால் தயக்கம் குறையும்.

அமெரிக்க அரசு 2024 மார்ச்சில் அறிவித்த புதிய தரம் இரண்டு கேள்விகளையும் ஒன்றாக்கி, மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்கா என்று தனிப் பிரிவும் தந்தது. பழைய தரத்தில் ஈரானியரும் லெபனானியரும் ‘வெள்ளையர்’ கணக்கில்தான் சேர்ந்தார்கள். புதிய தரத்துக்கு மாறும்போது, ஏற்கெனவே படித்துக்கொண்டிருப்பவர்களை அலுவலகமே ஊகித்துப் புதிய கட்டத்துக்கு மாற்றக் கூடாது. அடுத்த பருவப் பதிவின்போது அவர்களிடமே மறுபடி கேட்க வேண்டும்.