கடைக் கம்ப்யூட்டரும் கட்டணமில்லா மென்பொருளும்

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் அளித்து வந்த பொதுவான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றன. பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் மேலும் ஓராண்டு நீட்டிப்புத் தந்தார்கள். 2017-க்கு முன் வாங்கிய மெஷின்கள் பெரும்பாலும் விண்டோஸ் 11-ஐ ஏற்பதில்லை. ஆகவே வத்தலக்குண்டில் என் மண்டிக்குச் சரக்கெடுக்க வரும் மலைக்கடைக்காரர்கள், "அண்ணாச்சி, நல்லா ஓடுற கம்ப்யூட்டரைத் தூக்கி எறியணுமா?" என்று கேட்கிறார்கள். எறிய வேண்டாம். லினக்ஸ் போட்டால் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். ஆனால் அதை எந்த வரிசையில் செய்வது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்த வரிசையை நான் நஷ்டப்பட்டுத்தான் கற்றேன்.

2024 மே மாதம், சீசன் நேரம். கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் மளிகைக்கடை வைத்திருக்கும் என் தங்கை கணவரின் பின்கட்டுக் கம்ப்யூட்டர் வைரஸ் பிடித்து நகர மறுத்தது. உள்ளே இருந்தது திருட்டு நகல் விண்டோஸ். நான் பேரனிடம் லினக்ஸ் கற்றுக்கொண்ட புதுப் பெருமையில், ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் துடைத்து லினக்ஸ் ஏற்றிவிட்டுக் கீழே இறங்கிவிட்டேன். மறுநாள் காலை ஏழு மணிக்குப் போன். "மச்சான், கடன் கணக்கு எங்கே?" பற்று வரவுப் பட்டியலை அவர் டெஸ்க்டாப்பில் வைத்திருந்திருக்கிறார். நான் பிரதி எடுத்ததோ வேறொரு போல்டரை மட்டும். மலைப்பூண்டு விலைப்பட்டியல் திறந்தது. ஆனால் தமிழுக்குப் பதில் தாறுமாறான ஆங்கில எழுத்துகள். வாடிக்கையாளர்களின் சிட்டைகளைப் பார்த்துக் கடன் கணக்கை மறுபடி எழுதினார். சிட்டையைக் கொண்டு வராதவர்களின் பாக்கி போனது போனதுதான். என் தங்கை ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்த ஆங்கில எழுத்துச் சங்கதியை விளக்க வேண்டும், ஏனெனில் நம்மில் பலரிடம் பழைய பட்டியல்கள் பாமினி போன்ற எழுத்துருக்களில்தான் உள்ளன. அவற்றில் உள்ளே பதிவாவது ஆங்கில எழுத்தே. எழுத்துரு அதற்குத் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. எழுத்துரு இல்லாத மெஷினில் போர்வை விலகிவிடுகிறது. யூனிகோடில் இந்தத் தொல்லை இல்லை. தமிழக அரசே 2010-இல் யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. பழைய பட்டியல்களை யூனிகோடுக்கு மாற்றித் தரும் இலவச மாற்றிகள் உண்டு. மெஷினைத் தொடுவதற்கு முன்பே அதைச் செய்துவிடுங்கள். 1999-இல் தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகை லினக்ஸிலும் இருக்கிறது.

"சும்மா கொடுக்கிறார்களே, உள்ளே என்ன வில்லங்கம்?" என்பது நம்மவர் கேட்கும் அடுத்த கேள்வி. வியாபாரி அப்படித்தான் கேட்பான். இது மசாலாப் பொடியோடு அதன் பக்குவத்தையும் எழுதிக் கொடுப்பது போன்றது. வேண்டியவர் அரைத்துக்கொள்ளலாம், மாற்றலாம், பிறருக்கும் கொடுக்கலாம். 1983-இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய முயற்சி இது. 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய லினக்ஸ் அதோடு சேர்ந்தது. பெரிய கம்பெனிகள் தங்கள் சொந்தத் தேவைக்காகவே ஆள் வைத்து இதை வளர்க்கின்றன. உங்கள் சட்டைப்பையிலுள்ள ஆண்ட்ராய்டு போனின் அடித்தளமும் லினக்ஸ்தான். நம் எல்காட் நிறுவனம் 2007 வாக்கில் சி. உமாசங்கர் இ.ஆ.ப. நிர்வாகத்தில் இதற்கு மாறியது. மலைக்கு மேற்கே கேரளத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகள் இதில்தான் படிக்கிறார்கள்.

இரண்டாம் முறை மைத்துனர் மெஷினில் என் செலவில் மறுபடி விண்டோஸ் போட்டுக் கொடுத்தேன். அதற்குள்ளேயே ஆபீஸ் திருட்டு நகலை எடுத்துவிட்டு லிப்ரே ஆபீஸ், இன்டர்நெட்டுக்குப் பயர்பாக்ஸ், படம் பார்க்க வி.எல்.சி. இவை மூன்றும் விண்டோஸிலும் லினக்ஸிலும் ஒரே மாதிரி ஓடுபவை. எக்ஸெல் பட்டியல்களை லிப்ரே ஆபீஸ் திறக்கும், அதே வடிவில் சேமிக்கவும் செய்யும். மூன்று மாதம் அவர் கை அதற்குப் பழகட்டும் என்று விட்டேன்.

பிறகு லினக்ஸ் மின்ட். நினைவகம் 2 ஜி.பி. இருந்தால் ஓடும், 4 இருந்தால் நிம்மதி. மெனு இடது கீழ்மூலையில், கடிகாரம் வலது கீழ்மூலையில் என்று பழைய விண்டோஸ் ஜாடை இருப்பதால் வயதானவர்கள் மிரளுவதில்லை. முதலில் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்தோம். அப்போது உள்ளே இருக்கும் எதுவும் கலையாது. பிரிண்டர் அடிக்கிறதா என்று அந்த நேரத்திலேயே பார்த்துவிட வேண்டும். சில பழைய லேசர் பிரிண்டர்களும் சிறிய பில் பிரிண்டர்களும் லினக்ஸுக்கு இணங்குவதில்லை. பார்கோடு ஸ்கேனருக்குக் கவலை வேண்டாம், பெரும்பாலானவை கீபோர்டு போலவே வேலை செய்யும். ஐகான்களைப் பழைய இடத்திலேயே, பழைய பெயரிலேயே வைத்தேன். "என்ன மச்சான் மாத்தினீங்க?" என்றார் அவர்.

கல்லாவில் பில் போடும் மெஷினை நான் தொடவே இல்லை. அதில் டாலி இருக்கிறது, ஆடிட்டருக்கு அந்தக் கணக்குதான் போகிறது. டாலி விண்டோஸுக்காகச் செய்யப்பட்டது. குறுக்கு வழியில் அதை லினக்ஸில் ஓட்டலாம் என்று சொல்பவர்கள் மார்ச் 31 ராத்திரி உங்கள் கடையில் உட்கார்ந்திருக்கமாட்டார்கள். அந்த மெஷினுக்கு முறையான விண்டோஸ் வாங்கி, கண்ட பென் டிரைவையும் அதில் செருகாமல் இருப்பதே நல்லது. ஜி.எஸ்.டி. தளம் பிரௌசரில் திறப்பதால் அந்த வேலையைப் பின்கட்டு மெஷினில் பார்க்கலாம். தனிநபர் வியாபாரிகள் போனுக்கு வரும் ஓ.டி.பி. கொண்டே ரிட்டர்னைச் சமர்ப்பிக்கலாம்.

லினக்ஸ் அடிக்கடி பாஸ்வேர்டு கேட்கும். அதை எப்போது கொடுக்கலாம், எப்போது கொடுக்கக் கூடாது என்று தமிழில் எழுதித் தங்கையிடம் கொடுத்திருக்கிறேன். முதல் மாதம் தினம் ஒரு போன் வந்தது. இப்போது மின்சாரம் போய் வந்தால் மட்டும் வருகிறது. அடுத்து பண்ணைக்காட்டில் என் சின்னம்மா மகன் கடை. அங்கிருக்கும் பழைய பிரிண்டரைப் பார்த்த பிறகுதான் பென் டிரைவை எடுப்பேன்.