கப்பி மீனுக்குக் கனடாவில் குளிர்காலம் எப்போது வருகிறது?

தென் ஒன்டாரியோவில் ஜூன் தொடக்கத்தில் கொல்லைப்புறத் தொட்டியில் விட்ட கப்பிகளைச் செப்டம்பரில் பார்த்தால் அடையாளமே தெரியாது. வெயிலும் பச்சைப்பாசியும் கொசுப்புழுவும் தரும் நிறத்தை எந்தத் தீனிப் பொட்டலமும் தருவதில்லை. அவை மிக அழகாக இருக்கும் அந்த நாட்களில்தான் ஆபத்தும் நெருங்கியிருக்கும்.

பகலில் ஸ்வெட்டர் தேவைப்படாத வாரம்தான் அது. ஆனால் இரவில் காற்றின் வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும். மண்ணில் தோண்டிய ஆழமான குளம் கோடையின் சூட்டைச் சில வாரங்கள் பிடித்து வைத்திருக்கும். தரைமேல் வைத்த பிளாஸ்டிக் தொட்டிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதனால் நாள்காட்டியையும் வானிலை அறிக்கையையும் நம்பாமல், வெயில் ஏறுவதற்கு முன் விடிகாலையில் தெர்மாமீட்டரைத் தண்ணீரில் விட்டுப் பார்க்க வேண்டும். 18 டிகிரி காட்டினால் மீன்களை உள்ளே கொண்டுவரும் நேரம் வந்துவிட்டது. உறைபனி வரட்டும் என்று காத்திருப்பது மிகத் தாமதம். 10 டிகிரியை நெருங்கும்போதே வெப்பமண்டல மீன்கள் பலவும் செத்துவிடும்.

தங்கமீனுக்கும் கோய் மீனுக்கும் இந்த அவசரம் இல்லை. தண்ணீர் 4 டிகிரியில்தான் மிக அடர்த்தியாக இருக்கிறது. அது அடியில் தங்க, பனிக்கட்டி மேலே மிதக்கும். அடிவரை உறையாத ஆழமும், வாயு வெளியேறப் பனிக்கட்டியில் ஒரு திறப்பும் இருந்தால் அவை குளத்திலேயே குளிர்காலத்தைக் கழித்துவிடும். கப்பியின் பூர்வீகமோ வெனிசுலா, டிரினிடாட் பக்கத்து ஓடைகள். மோலி, ஏஞ்சல், சக்கர் மீன் எல்லாமே வெதுவெதுப்பான நீருக்கு உரியவை.

குளிர் உடனே கொல்வதில்லை. மீனின் உடல் சூடு தண்ணீரின் சூடுதான். அது குறையக் குறையச் செரிமானம் மந்தமாகும், நோய் எதிர்ப்பும் தளரும். அப்போது ஒட்டிக்கொள்வது வெள்ளைப்புள்ளி நோய். அதன் ஒட்டுண்ணி 25 டிகிரியில் ஒரு வாரத்துக்குள் தன் சுழற்சியை முடிக்கும். குளிர்ந்த நீரில் அதற்குப் பல வாரங்கள் ஆகும். எனவே வெளியே தொற்றிய நோய், சூடான தொட்டிக்கு வந்த பிறகே வெடித்துக் கிளம்பும். தோலுக்குள் புதைந்த ஒட்டுண்ணியை மருந்து எட்டாது; அது நீந்தித் திரியும் கட்டத்தில்தான் கொல்ல முடியும். புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்தக் கூடாது என்பது இதனால்தான். வீட்டில் ஏற்கெனவே மீன்கள் இருந்தால், வெளியிலிருந்து வந்தவற்றை மூன்று நான்கு வாரம் தனித்தொட்டியில் வைப்பது நல்லது.

குளிரிலிருந்து தப்பிய மீனை அவசரம் கொன்றுவிடும். இதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். முதல் உறைபனிக்கு முந்தைய நாள் தொட்டியை வாங்கி, குழாய்த் தண்ணீரை நிரப்பி, மீனை விட்டால் வெப்பம் சரியாக இருக்கும்; தண்ணீர் சரியாக இருக்காது. மீன் செவுள் வழியே அம்மோனியாவை வெளியேற்றுகிறது. அதை நைட்ரைட்டாகவும் பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் புதுத்தொட்டியில் வளர நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். ஆகவே ஆகஸ்டிலேயே ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரை வெளித்தொட்டியில் ஓடவிடுங்கள். மீனோடு அதையும் உள்ளே கொண்டுவந்தால் பாக்டீரியாக்களும் குடியேறிவிடும். அழுக்காக இருக்கிறதே என்று ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவக் கூடாது. தொட்டித் தண்ணீரிலேயே மெதுவாகப் பிழிந்தால் போதும்.

சென்னை கொளத்தூரில் மீன் வாங்கி வளர்த்துப் பழகியவர்கள், தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும் என்று அறிவார்கள். டொராண்டோவில் அது பலிக்காது. இங்கே நகரக் குழாயில் வருவது குளோரமின். ஒரு நாள் வைத்தாலும் போகாது. அதை முறிக்கும் மருந்தை ஊற்றியே ஆக வேண்டும்.

பிடிக்கும் நாளில் தீனி வேண்டாம். பையைப் புதுத்தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்துங்கள். உள்ளே கொண்டுவரும் செடிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். தட்டானின் இளம்புழு ஒன்று ஒளிந்திருந்தாலும் குஞ்சுகளைத் தின்றுவிடும்.

பிறகு எண்ணிக்கை. கப்பி ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு முறை குட்டி போடும். கோடை முடியும்போது தொட்டி கொள்ளாது. மிஞ்சியதை ஏரியில் விடுவது சட்டப்படி குற்றம். குளிரில் எப்படியும் செத்துவிடும் என்ற சமாதானமும் செல்லாது. ஆல்பர்ட்டாவின் பான்ஃப் தேசியப் பூங்காவில் வெந்நீர் ஊற்று பாயும் சதுப்பு ஒன்று உண்டு. 1924-இல் கொசுவை ஒழிக்க அங்கே கொசுமீனை விட்டார்கள். பின்னர் மீன் வளர்ப்போர் மோலி போன்றவற்றையும் கொண்டுபோய்க் கொட்டினார்கள். உலகில் வேறெங்கும் இல்லாத, நீள்மூக்கு டேஸ் மீனின் துணையினம் ஒன்று அந்தச் சதுப்பில் வாழ்ந்தது. அது அற்றுப்போனதாக 1987-இல் அறிவிக்கப்பட்டது. அந்த அழிவில் இந்த வந்தேறி மீன்களுக்குப் பெரும் பங்குண்டு.

ஆகவே மிஞ்சும் மீன்களைக் கொடுப்பது பற்றிக் கடைக்காரரிடமோ மீன் வளர்ப்போர் சங்கத்திடமோ ஆகஸ்டிலேயே பேசி வைக்க வேண்டும். ஆணையும் பெண்ணையும் பிரித்துவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம்; பெண் கப்பி விந்தணுவை உடலில் சேமித்து, பிரித்த பிறகும் பல மாதங்கள் குட்டி போடும். பெருகுவதை விரும்பாதவர்கள் அடுத்த கோடையில் ஆண் மீன்களை மட்டும் வெளியே விடலாம்; நிறமும் அவற்றுக்குத்தான் அதிகம்.