பஸ் காசு தராத பசுமைப் பயிற்சி

கோடை நெருங்கினால் கல்லூரி வாட்ஸ்அப் குழுக்களில் ‘சுற்றுச்சூழல் அமைப்பில் இன்டர்ன்ஷிப்’ என்ற அறிவிப்புகள் வரிசைகட்டும். இரண்டு மாதம், முதுகலை மாணவர்களுக்கு முன்னுரிமை, முடிவில் சான்றிதழ். கடற்கரையில் குப்பை பொறுக்குவதும் போஸ்டர் வரைவதும்தான் வேலை என்று வெளியே ஒரு நினைப்பு இருக்கிறது. ஆனால் இத்தகைய அமைப்புகளுக்கு மிகவும் ஆள் தேவைப்படும் வேலை, படிப்பது: சுரங்கமோ ஆலையோ வருமுன் தயாராகும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைப் படிப்பது. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். வட்டார மொழியில் கிடைத்தாக வேண்டியது அறிக்கையின் சுருக்கம் மட்டுமே. நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட முழு அறிக்கை ஆங்கிலத்தில் கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும். கூட்டத்துக்கு இத்தனை பேர் வந்தாக வேண்டும் என்ற கோரம்கூட விதியில் கிடையாது. அந்த 30 நாளில் அறிக்கையைப் படித்து முடித்து, ‘நம்ம போர் வத்துமா, வத்தாதா?’ என்ற கேள்விக்கு ஊர்த் தமிழில் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த அறிவிக்கைக்கு மாற்றாக வந்த 2020 வரைவையே அரசியலமைப்பு அட்டவணையின் 22 மொழிகளிலும் வெளியிடும்படி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது என்றால், ஒரு கிராமத்துச் சுரங்க அறிக்கையை யார் மொழிபெயர்த்துத் தரப்போகிறார்கள்?

ஆங்கிலம் தெரிந்தால் மட்டும் போதாது, ஊரும் தெரிய வேண்டும். அறிக்கைகளுக்கான அடிப்படைத் தரவுகளைப் பெரும்பாலும் மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத்தில், அதாவது மூன்று மாதங்களில், எடுத்து முடித்துவிடுகிறார்கள். சுரங்கத்தைச் சுற்றி 10 கிலோமீட்டர்தான் ஆய்வு எல்லை. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் இதன் பொருள் என்ன? லப்பைக்குடிக்காட்டுக்கும் திட்டக்குடிக்கும் நடுவே ஓடும் வெள்ளாற்றில் தண்ணீரைப் பார்ப்பதே மழைக்காலத்தில்தான். மார்ச் முதல் மே வரை அளந்தால் அது வெறும் மணல். 2024-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த கரைவெட்டி ஏரியில் வலசைப் பறவைகள் நிறைவது குளிர்காலத்தில். கோடையில் போய் எண்ணினால் கணக்கு மெலிந்துதான் வரும். அட்டவணையில் உள்ள எண்கள் எல்லாம் சரியாகவே இருக்கலாம், எடுத்த மாதம்தான் தவறு. இதை வெளியூர் மாணவர் கண்டுபிடிக்க வாரங்கள் ஆகும். லப்பைக்குடிக்காட்டிலிருந்து திருச்சிக்குப் போய் எம்.எஸ்சி படிக்கும் பிள்ளைக்குத் தேதியைப் பார்த்ததுமே உறுத்தும்.

உள்ளூர் அறிவு ஆதாரமாகாது என்பவர்களுக்குக் கடலூர் பதில் சொல்கிறது. அங்கே சிப்காட்டைச் சுற்றியுள்ள கிராம மக்கள் 2004-இல் பயிற்சி பெற்று, எந்த நேரத்தில் எந்தப் பக்கமிருந்து என்ன நாற்றம் வந்தது என்று நோட்டில் குறித்தார்கள். வாளிக்குள் பொருத்திய பையில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். மூக்கு சொன்னதை ஆய்வகம் எண்ணாக்கியது. கருவி எளிதுதான். நாற்றம் அடிக்கும் நள்ளிரவில் அங்கே ஆள் இருந்ததுதான் முக்கியம்.

ஆனால் இன்டர்ன்ஷிப் அறிவிப்பில் ஸ்டைபண்ட் என்ற சொல்லைத் தேடினால் பல நேரம் ‘கிடையாது’ என்றோ மௌனமாகவோதான் இருக்கிறது. லப்பைக்குடிக்காட்டிலிருந்து சென்னை 200 கிலோமீட்டருக்கு மேல். இரண்டு மாத ஹாஸ்டல், சாப்பாடு, பஸ் எல்லாம் வீட்டுக் காசு. வளைகுடாவில் சம்பாதித்து வீட்டுக்குப் பணம் அனுப்பும் மரபுள்ள ஊரில், வீட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறேன் என்று ஒரு மாணவி எப்படிச் சொல்வாள்? ஆகவே சென்னையில் வீடு உள்ளவர்கள் வருகிறார்கள். அவர்களும் அக்கறையோடு உழைக்கிறார்கள், குறை சொல்வதற்கில்லை. இருந்தாலும் அரியலூர் சுண்ணாம்புக்கல் பூமியைப் பற்றி எழுதுபவர், அங்கே ஒரு மழைக்காலம்கூட இருந்தறியாதவராகவே அமைந்துவிடுகிறார். 2024-இல் வந்த பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் பெரிய நிறுவனங்களில் பயிலும் இளைஞருக்கு மாதம் 5,000 ரூபாய் தருவதாக அறிவித்தது. சிமெண்ட் ஆலையின் பக்கம் உட்கார்ந்து கற்பவருக்குப் படி உண்டு. ஆலையின் அறிக்கையைப் படிப்பவருக்கு இல்லை.

பணமில்லை என்று அமைப்புகள் சொல்வது பொய்யல்ல. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தம் நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20-க்கு இறக்கியது. வாங்கிய நன்கொடையை இன்னோர் அமைப்புக்கு மாற்றித் தரவும் தடை விதித்தது. மாவட்ட அளவிலான சிறிய அமைப்புகளுக்கு இது பலத்த அடி. ஆயினும் நெருக்கடியின் சுமையை மாணவர் வீட்டில் இறக்கிவைப்பது தீர்வாகாது. ஐந்து பேரை இலவசமாக எடுப்பதற்குப் பதில் இருவரைப் படி கொடுத்து எடுக்கலாம். அவர்களைச் சென்னைக்கு அழைக்காமல் ஊரிலேயே இருத்தினால் செலவில் பாதி தானே குறையும். படிப்பின் பகுதிதானே, எதற்குப் பணம் என்பது இன்னொரு வாதம். மாணவர் எழுதிய குறிப்பை வைத்து மனு போடுகிறார்கள், பசுமைத் தீர்ப்பாயத்துக்கும் போகிறார்கள். அப்படியானால் அது வேலை. சிமெண்ட் ஆலைகளால் வேலைவாய்ப்பும் லாரி வாடகையும் வந்தன, எதிர்க்கவே ஆள் தயாரிப்பது ஏன் என்று கேட்பவர்களும் உண்டு. ஆலை வேண்டும் என்பவருக்கும் அறிக்கையில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் நல்லதுதான்.

இந்தக் கோடையில் விண்ணப்பம் போடும் மாணவர்களுக்கு ஒரு சொல்: நேர்காணலின் முடிவில் ‘ஏதாவது கேட்க வேண்டுமா?’ என்பார்கள். பஸ் காசை யார் தருவது என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.