குறுஞ்சுற்றோட்டக் கணிப்பு: மூவவத்தை மின்மாற்றி பற்றிய ஒரு விளக்கம்

இலக்கிய மாணவன் ஒருவன் மின்பொறியியற் கணிப்பொன்றை விளக்க முற்படுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயின், உழைப்போரின் உயிரோடு தொடர்புடைய அறிவு எந்தவொரு துறையினரதும் தனியுடைமையாக இருத்தலாகாது. தமிழில் அதனைக் கூறமுடியுமா என்ற ஐயமும் புதியதன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தே அவ்வையத்துக்கு விடையளித்தார்.

நமது வினா இதுதான்: தொழிற்சாலையொன்றின் மின்மாற்றியிலிருந்து வெளிவரும் மூன்று அவத்தைக் கம்பிகளும் விபத்தாக ஒன்றையொன்று தொட்டுவிடின் எவ்வளவு ஓட்டம் பாயும்?

1,000 கிலோவோல்ற்று அம்பியர் கொள்ளளவுடையதும் 11,000 வோல்ற்றை 400 வோல்ற்றாகக் குறைப்பதுமான மின்மாற்றியொன்றை எடுத்துக்கொள்வோம். கொள்ளளவை, மூன்றின் வர்க்கமூலமாகிய 1.732இனாலும் 400இனாலும் வகுத்தால் அதன் முழுச்சுமை ஓட்டம் கிடைக்கும். அது 1,443 அம்பியர்.

அடுத்து வேண்டப்படுவது, மின்மாற்றியின் விவரத்தகட்டிற் சதவீதமாகப் பொறிக்கப்பட்டிருக்கும் தடங்கலாகும். அஃது ஒரு சோதனையின் பேறு. துணைச்சுருளின் முனைகளை ஒன்றாக இணைத்துவிட்டு, முதற்சுருளுக்கு வழங்கும் அழுத்தத்தைப் பூச்சியத்திலிருந்து மெல்ல உயர்த்துவர். 550 வோல்ற்றை அடைந்ததும் முழுச்சுமை ஓட்டம் பாய்கிறதெனக் கொள்வோம். 550 என்பது 11,000இன் 5 சதவீதம். ஆகவே தடங்கல் 5 சதவீதம்.

இங்கேயே விடை அடங்கியுள்ளது. 5 சதவீத அழுத்தம் முழுச்சுமை ஓட்டத்தைச் செலுத்துமாயின், முழு அழுத்தம் அதனைப்போல் இருபது மடங்கைச் செலுத்தும். 1,443ஐ 0.05இனால் வகுக்க, ஏறத்தாழ 28,900 அம்பியர் வரும்.

இக்கணிப்பு, மின்மாற்றிக்கு அப்பாலுள்ள வழங்கலை வற்றாத ஊற்றாகக் கருதுகிறது. அவ்வழங்கலின் தடங்கல் மேலும் 0.4 சதவீதமாயின் ஓட்டம் 26,700 அம்பியராகக் குறையும். மறுபுறம், ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார்கள் கணப்பொழுது ஓட்டத்தை ஊட்டும்; முதலாவது உச்சம் கணித்த பெறுமானத்தின் இருமடங்கையும் விஞ்சலாம். எனவே வழங்கலின் தடங்கலைப் புறக்கணிப்பது பாதுகாப்பின் பக்கம் நிற்பதாகும்.

இவ்வெண்ணின் பொருள் யாது? கடத்திகளிடையே எழும் விசை ஓட்டத்தின் வர்க்கத்துக்கேற்ப அதிகரிக்கும். ஓட்டம் இருபது மடங்காயின் விசை நானூறு மடங்கு. கம்பிகளிற் பிறக்கும் வெப்பமும் அவ்வாறே. இத்தகைய ஓட்டத்தைத் துண்டிக்கும் வலுவில்லாத சுற்றுடைப்பான், காக்கவேண்டிய வேளையில் தானே வெடிக்கக்கூடும்.

தடங்கலின் இயல்பில் ஒரு முரண்பாடு உண்டு. அது குறைவாக இருப்பின், சுமை ஏறும்போது அழுத்தம் அதிகம் விழாது. உற்பத்தி சீராக நடைபெறும். ஆனால் அதே குறைவு குறுஞ்சுற்றோட்டத்தைப் பெருக்கும். வழமையான இயக்கத்தில் நன்மையாயிருப்பதே விபத்தின்போது தீமையாகிறது.

இம்முரண்பாட்டின் சமூகப் பரிமாணம் உற்பத்தி விரிவாக்கத்தின்போது வெளிப்படும். அதே வகையைச் சேர்ந்த இன்னொரு மின்மாற்றி முதலாவதோடு சமாந்தரமாக இணைக்கப்படுகிறது என்க. குறுஞ்சுற்றோட்டம் இரட்டித்து 57,800 அம்பியரை எட்டும். முன்னர் போதுமானதாயிருந்த 36,000 அம்பியர்ச் சுற்றுடைப்பான் இப்பொழுது போதாது. அதனை மாற்றுவது செலவு. மாற்றாதுவிடின் கண்ணுக்கு எதுவும் தெரியப்போவதில்லை. இலாபக் கணக்கில் அச்செலவு ஒத்திவைக்கப்படலாம். ஆனால் ஆபத்து, ஆளிப்பலகையின் முன் நிற்கும் தொழிலாளியின் உடலையே சாரும்.

ஒரு பெருக்கலும் இரு வகுத்தல்களுமே இக்கணிப்புக்குப் போதும். பள்ளிக் கணிதம் கற்ற எவருக்கும் இஃது எட்டும். விவரத்தகட்டைத் தாமே வாசித்து, "இந்தச் சுற்றுடைப்பான் போதுமா?" எனத் தொழிலாளர் கேட்கத் தொடங்கும்போதுதான் அவ்வெண் பொறியியலாளரின் குறிப்பேட்டிலிருந்து வெளியேறி உழைப்போரின் உரிமையாக மாறும். தமிழில் அறிவியல் எழுதுவோரின் கடமை அந்த வினாவைச் சாத்தியமாக்குவதே.