காட்டுக்குள் கல்லூரி – 14: உதட்டால் வேட்டை

போன வாரம் அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில், அகேடியா தேசியப் பூங்காவில் நிறுத்தியிருந்தோம். ஒரு பல்கலைக்கழகம், அதோடு சேர்ந்த பள்ளிப் பிள்ளைகள், அவர்கள் நீர்நிலைகளில் தேடிய பாதரசம். இவை மூன்றும் நினைவிருந்தால் போதும். ஆய்வக முடிவுகளை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் தட்டானின் லார்வா குறுக்கே வந்துவிட்டது.

பறக்கிற தட்டானைத்தான் நாம் பார்க்கிறோம். அதன் ஆயுளில் பெரும்பகுதி தண்ணீருக்கடியில் கழிகிறது. சில இனங்களுக்குச் சில ஆண்டுகள்கூட. சேற்று நிறத்தில், பார்க்கச் சகிக்காத பூச்சி. ஆனால் அந்தக் கீழுதடு இருக்கிறதே! சும்மா இருக்கும்போது முகத்துக்கு அடியில் மடங்கிக் கிடக்கும். கொசுப்புழுவோ தலைப்பிரட்டையோ எட்டும் தூரத்துக்கு வந்தால், நாம் இமைப்பதற்குள் உதடு நீண்டு, நுனிக் கொக்கியால் கவ்வி, இரையை வாய்க்கு இழுத்துவந்துவிடும். மூச்சு விடுவது இன்னும் விசேஷம். செவுள்கள் மலக்குடலுக்குள் இருக்கின்றன. ஆபத்து வந்தால், உள்ளே இழுத்த தண்ணீரைப் பின்பக்கமாகப் பீய்ச்சிவிட்டு முன்னே பாயும். இதைக் கேட்டுச் சிரிக்காத ஏழாம் வகுப்பு எந்த நாட்டிலும் இருக்காது.

“பாதரசம் எங்கே சார்?” என்று உதவி ஆசிரியர் போனில் கேட்டுவிட்டார். வருகிறேன்.

நிலக்கரிப் புகையோடு கிளம்பும் பாதரசம் காற்றில் நெடுந்தூரம் போய், ஆலையே இல்லாத காட்டிலும் மழையோடு இறங்குகிறது. சதுப்புச் சேற்றின் பாக்டீரியா அதை மெத்தில் பாதரசமாக்க, தின்பதும் தின்னப்படுவதுமாக உடலுக்கு உடல் ஏறுகிறது. லார்வா ஒரு வேட்டையாடி என்பதால் அதன் உடலில் இந்த நஞ்சு சேரும். இறக்கை முளைக்கும்வரை குளத்தை விட்டுப் போகாது. ஆகவே அது காட்டுவது அந்தக் குளத்தின் கணக்கை.

லார்வாவில் பாதரசம் அளக்கும் இந்த வேலையை, அப்போது மேய்ன் பல்கலைக்கழகத்தில் இருந்த சாரா நெல்சன் பள்ளிப் பிள்ளைகளோடு தொடங்கினார். பிறகு தேசியப் பூங்காத் துறையும் அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனமும் சேர்ந்துகொண்டன. பிள்ளைகள் கையுறை மாட்டி, வலையால் அடிச்சேற்றை அள்ளி, தட்டில் கொட்டி, எது நெளிகிறது என்று பார்க்கிறார்கள். லார்வாவைப் பிளாஸ்டிக் கரண்டியால் எடுத்து, நீளம் அளந்து, பையிலிட்டு, உறையவைத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். வெறும் கை பட்டால் மாதிரி கெட்டுவிடும்.

எனக்குப் பிடித்தது இதுதான். பிள்ளைகளைக் காட்டுக்குக் கூட்டிப்போய், தொப்பி கொடுத்து, போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு அதை அறிவியல் கல்வி என்பவர்கள் உண்டு. இங்கே பிள்ளைகள் பிடித்த பூச்சிதான் ஆய்வுக்கே ஆதாரம். இந்தத் திட்டத்திலிருந்து 2020இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரைக்குச் சுமார் 100 பூங்காக்களிலிருந்து லார்வாக்கள் வந்தன. ஆராய்ந்த நீர்நிலைகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கில் பாதரசம் மிதமான அளவையோ அதற்கும் மேலோ எட்டியிருந்தது.

எந்தப் பூங்காவில் எவ்வளவு, ஏன் என்பதெல்லாம் அடுத்த வாரம். ஆசிரியர் பக்கம் ஒதுக்கினால்.