கசகசா தின்றால் வேலை போகுமா?

1987 ஜனவரி 4. அமெரிக்காவின் மேரிலாந்தில் சிவப்பு சிக்னலைத் தாண்டிவந்த சரக்கு ரயில் இன்ஜின்கள்மேல் பயணிகள் ரயில் மோதி 16 பேர் இறந்தார்கள். அந்த இன்ஜின் ஊழியர்கள் கஞ்சா புகைத்திருந்தது பின்னர் தெரிந்தது. 1991-இல் வந்த சட்டம், லாரி ஓட்டுநர் முதல் விமானிவரை போதைப்பொருள் பரிசோதனையைக் கட்டாயமாக்கியது.

பரிசோதனைக்காகச் சிறுநீரைப் பெற்ற 4 நிமிடத்துக்குள் அதன் சூட்டை அளக்கிறார்கள். 32 முதல் 38 டிகிரி செல்சியஸுக்குள் இல்லையென்றால், கலப்படமோ ஆள்மாறாட்டமோ நடந்திருக்கலாம்.

முதல் சோதனையில் ஆன்டிபாடிகள் போதைப்பொருளைத் தேடிப் பிடிக்கின்றன. அதே சாயல் கொண்ட சில மருந்துகளையும் அவை பிடித்துவிடும். அதனால் மூலக்கூறுகளை உடைத்து, துண்டுகளின் நிறையை அளக்கும் நிறைமானி இரண்டாவதாக உறுதிசெய்கிறது.

கசகசா விஷயத்தில் நிறைமானியும் கைகொடுக்காது. அதில் ஒட்டியிருப்பது நிஜமான மார்ஃபின்! அப்பாவிகள் சிக்கியதால், 1998-இல் அதற்கான வரம்பை மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2000-க்கு உயர்த்தினார்கள். நியாயமான திருத்தம்.

கஞ்சாவின் சிக்கல் இன்னும் தீரவில்லை. அது கொழுப்பில் தங்கி மெல்லக் கசிவதால், தொடர்ந்து புகைப்பவரிடம் வாரக்கணக்கில் தடயம் தெரியும். வேலை நேரத்தில் மயக்கத்தில் இருந்தாரா என்பதைச் சிறுநீர் சொல்லாது. இதுவே இந்த முறையின் பெரிய குறை என்பேன்.

முடிவை மறுக்கும் ஊழியருக்கு ஒரு வழி உண்டு. மாதிரியை முதலிலேயே இரண்டு புட்டிகளில் பிரித்து வைத்திருப்பார்கள். 72 மணி நேரத்துக்குள் கேட்டால், இரண்டாவது புட்டி வேறொரு ஆய்வகத்துக்குப் போகும்.